புகையும் பணமும் – 9: அறுபதுக்கு நாற்பத்தைந்து

1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு வில்ஸ் என்று பெயர் இருந்ததைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதற்கு முந்தைய 1992 கோப்பை பென்சன் அண்ட் ஹெட்ஜஸ். அதுவும் சிகரெட்தான். இந்திய அணியின் சட்டையிலும் அந்த ஆண்டுகளில் வில்ஸ்தான் எழுதியிருந்தது. 96 தொடரில் சச்சினின் மட்டையில் மட்டும் எந்த ஸ்டிக்கரும் இல்லை. புகையிலை விளம்பரம் வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மட்டை அவருடையது, சட்டை வாரியத்துடையது.

2001 பிப்ரவரியில் மத்திய அரசு புகையிலை விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் தடை கொண்டுவரப்போவதாக அறிவித்தது. சட்டம் வரும்வரை வில்ஸை விற்ற ஐ.டி.சி. கம்பெனி காத்திருக்கவில்லை, தானாகவே கிரிக்கெட்டிலிருந்து விலகிக்கொண்டது. எப்படியும் போக வேண்டிய இடத்திலிருந்து முந்திக்கொண்டு போனால் கௌரவமாவது மிஞ்சும் என்ற கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்துக்கு சஹாரா நிறுவனம் வந்தது. 2003இல் சட்டம் நிறைவேறி 2004 மே 1 அன்று நடைமுறைக்கும் வந்தது.

அந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவைப் படித்தால் யாருக்கும் கை தட்டத் தோன்றும். பத்திரிகை, சுவர், பதாகை, திரை, துண்டுப் பிரசுரம் என்று எதிலும் புகையிலை விளம்பரம் கூடாது. ஸ்பான்சர்ஷிப், பரிசு, உதவித்தொகை எதற்கும் ஈடாக அந்தப் பெயரைப் பரப்பக் கூடாது. கை தட்டியபடியே இரண்டு வரி தள்ளிப் படித்தால் விதிவிலக்கு வருகிறது. பாக்கெட்டின் மேல் விளம்பரம் இருக்கலாம். விற்கும் கடையின் வாசலிலோ உள்ளேயோ இருக்கலாம். நாட்டில் எத்தனை பெட்டிக்கடை, எத்தனை டீக்கடை என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை வாசலும் திறந்தே இருந்தன.

முதல் விதிகள் 90 சென்டிமீட்டருக்கு 60 என்ற அளவில் பலகை வைக்க அனுமதித்தன. 2005இல் அதை 60க்கு 45 ஆகக் குறைத்தார்கள். அப்போது சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். (சினிமாவில் சிகரெட் பிடிக்கும் காட்சிகளோடு அவர் நடத்திய மல்லுக்கட்டுக்குத் தனி அத்தியாயமே வேண்டும். அது பின்னால்.) அளவைவிட முக்கியம், பலகையில் என்ன எழுதலாம் என்பது. சிகரெட், பீடி என்று பொருளின் வகையை மட்டும் எழுதலாம். பிராண்டின் பெயர் கூடாது, பாக்கெட் படம் கூடாது, பின்னால் விளக்கு எரியக் கூடாது. மேலே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், இந்திய மொழியில், புற்றுநோய் எச்சரிக்கை. சுருக்கமாகச் சொன்னால், விளம்பரப் பலகையை விலைப்பட்டியல் பலகையாக்கிவிட்டார்கள்.

இது கம்பெனிகளுக்கு எங்கே வலித்தது என்பதை வழக்கு சொல்கிறது. 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் இந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையை உச்சநீதிமன்றம் நீக்கியது 2013 ஜூலையில்! இடைக்காலம் என்ற பெயரில் ஏழு வருடம். 2006இல் ஆறாம் வகுப்புப் படித்த பையன் அதற்குள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டான். தீர்ப்பு எப்படி வந்தாலும் பரவாயில்லை, தாமதமாக வந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு நம் நீதிமன்றங்களைவிட நல்ல இடம் கிடைக்காது.

சரி, தடை நீங்கிய பிறகாவது? எங்கள் பகுதியில் ஒரு பெட்டிக்கடை. வாழைத்தார், கடலை மிட்டாய் பாட்டில், நூலில் தொங்கும் லைட்டர். கல்லாவுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு அலமாரி, அந்தக் கடைக்கே பொருந்தாத ஒன்று. தட்டுகளில் பாக்கெட்டுகள் முகம் காட்டி நிற்கின்றன. அலமாரியின் விளிம்பில் ஓடும் நிறப்பட்டையும் பாக்கெட்டின் நிறமும் ஒன்று. அலமாரியில் எங்கும் பெயர் இல்லை. பக்கத்திலேயே மிட்டாய் பாட்டில், சரியாக ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில்.

“அலமாரி நீங்க செஞ்சதா அண்ணாச்சி?”

“நான் எங்கங்க செய்யறது? கம்பெனி ஆளு வந்து வச்சிட்டுப் போனாரு. சரக்கை இப்படித்தான் அடுக்கணும்னு சொல்லிருக்காரு. மாசமானா வந்து பார்ப்பாரு.”

“யாராச்சும் கேஸ் போட்டா?”

“போர்டுனாதானே கேஸு? இது அலமாரி.”

சட்டம் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. விற்கிற பொருளைக் கண்ணில் படும்படி அடுக்கக் கூடாது என்று 5ஆவது பிரிவு சொல்லவில்லை. மீறினாலும் முதல் முறைக்கு அபராதத்தின் உச்சம் 1000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு, இரண்டு வருடம் வரை. ஆனால் எட்டுக்குப் பத்து அடி கடைக்காரரை அதற்காக உள்ளே தள்ள எந்த அதிகாரிக்கும் மனசு வராது. வரவும் கூடாது. அலமாரி கொடுத்தவரோ அந்தத் தெருவிலேயே இருப்பதில்லை.

முதல் விதிவிலக்கான பாக்கெட்டை அரசு பெருமளவு அடைத்துவிட்டது. 2016 ஏப்ரலிலிருந்து இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். அதையும் கர்நாடக உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் ரத்து செய்ய, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நிறுத்திவைத்தது. ஆனால் அடுக்கும் விதத்தில் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பது கம்பெனி ஆளின் கையில். பக்கவாட்டைத் திருப்பி வைத்தால் பெயர் தெரியும், படம் தெரியாது.

கடை வாசல் விதிவிலக்கையே எடுத்துவிடும் திருத்த மசோதா ஒன்றை 2020இல் சுகாதார அமைச்சகம் தயாரித்தது. சில்லறையாகச் சிகரெட் விற்பதற்குத் தடை, வாங்கும் வயதை 18லிருந்து 21ஆக உயர்த்துவது என்று வேறு பிரிவுகளும் அதில் இருந்தன. மக்கள் கருத்துக்காக வெளியிட்டார்கள். கடைக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்ற எதிர்ப்புக் குரல் உடனே எழுந்தது. மசோதா வரைவாகவே நின்றது. சில்லறை விற்பனைத் தடை பெட்டிக்கடையின் வயிற்றில் அடிக்கும், உண்மைதான். ஆனால் அலமாரியை எடுத்தால் அண்ணாச்சிக்கு என்ன நஷ்டம்? கேட்டு வந்தவனுக்குக் கல்லாவுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பார். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கடைகளில் சிகரெட்டை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள், வியாபாரம் நடக்கிறது.