தன்னியக்கக் கியர் வாகனத்தில் உணரிப் பழுதைக் கண்டறிதல்

விளைந்த மரக்கறி காலந்தாழ்த்தாது சந்தையை அடைந்தாலன்றிக் கமக்காரரின் உழைப்பு முழுப் பயனைத் தராது. வெலிமடையிலோ நுவரெலியாவிலோ ஏற்றப்படும் கோவாவும் லீக்சும் தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தில் இறக்கப்படும் வரை, அவற்றின் விலை வாகனத்தையே நம்பியிருக்கின்றது. இவ்வேலைக்குப் பலர் பழைய கெப் வாகனங்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுட் சில, கிளச் மிதியின்றித் தாமாகவே கியர் மாற்றுபவை.

இத்தகைய வாகனம் ஒருநாள் திடீரென ஒரே கியரில் நின்றுவிட்டால், கியர்ப் பெட்டியே கெட்டுவிட்டதென முடிவு செய்து அதனைக் கழற்றுவிப்போர் உளர். அது பெருஞ் செலவான வேலை. பழுதோ விரலளவான ஓர் உணரியில் அல்லது அதற்குச் செல்லும் வயரில் இருத்தல் கூடும். நெற்பயிர் மஞ்சள் நிறமானவுடன் காரணம் அறியாது யூரியா இடுதல் எவ்வாறு பயனற்றதோ, பழுதின் இடம் அறியாது பெட்டியைத் திறத்தலும் அவ்வாறே பயனற்றது.

உணரியின் வேலை

1990ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தன்னியக்கக் கியர் வாகனங்கள் பலவற்றில், எப்போது கியர் மாற்றுவதென்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கின்றது. பெட்டியினுள் தண்டு சுழலும் வேகத்தை அதற்கு அறிவிப்பதே வேக உணரியாகும். கராஜ்களில் இதனைச் சென்சர் என்பர். பெரும்பாலும் இது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது. பற்சில்லின் ஒவ்வொரு பல்லும் இதனைக் கடக்கும்போது ஒரு சிறு மின்துடிப்பு உண்டாகும். கணினி அத்துடிப்புக்களை எண்ணி வேகத்தை அறிகின்றது.

துடிப்பு வராது போனால், கணினி பெட்டியைக் காக்கும் பொருட்டுக் கியர் மாற்றுவதை நிறுத்தி ஒரே கியரில் வைத்துவிடும். பல வாகனங்களில் அது மூன்றாம் கியராகும். ஆகவே, வாகனம் ஒரே கியரில் நிற்பது மட்டுமே பெட்டி அழிந்ததற்குச் சான்றாகாது.

அறிகுறிகளை வேறுபடுத்தல்

பின்வருவன உணரியையோ வயரையோ சுட்டும்:

(அ) புறப்படும்போது வாகனம் பாரமாக இழுத்தல். பின்னர் கியர் மாறாதிருத்தல்.
(ஆ) வேகமானியின் முள் துள்ளுதல் அல்லது விழுந்துவிடுதல்.
(இ) எச்சரிக்கை விளக்கு எரிதல் அல்லது விட்டுவிட்டு மின்னுதல்.
(ஈ) எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கியதும் சிறிது நேரம் சரியாக ஓடுதல்.
(உ) குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடிச் சூடேறியபின் பழுதுபடுதல்.

எஞ்சின் விரைந்து சுழன்றும் வாகனம் முன்னேறாது வழுக்குதல், எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசுதல் ஆகியன பெட்டியின் உட்தேய்வைச் சுட்டும்.

பரிசோதிக்கும் ஒழுங்கு

1. முதலிற் கியர் எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான வாகனங்களில் சமதரையில், எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையில், நெம்பை நிறுத்த நிலையில் வைத்து அளவு பார்க்கப்படும். வாகனத்தின் கைநூல் கூறும் முறையே இறுதியானது.

2. அடுத்துப் பற்றரியைப் பார்த்தல் வேண்டும். நிறைந்த பற்றரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற்று காட்டும். குறைந்த மின்னழுத்தமும் துருப்பிடித்த தரை இணைப்பும் கணினிக்குப் பொய்ச் செய்தி கொடுக்கும்.

3. உணரியின் வயரை முனை தொடங்கி முனை வரை பார்த்தல் வேண்டும். வயல் வழியே செல்லும் வாகனத்தில் சேறும் நீரும் இணைப்பினுட் புகுந்து செப்பு முனைகளைப் பச்சை படரச் செய்யும். நெல் வைக்கும் கொட்டிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தின் வயரை எலி கடித்திருத்தலுங் கூடும். இணைப்பைக் கழற்றித் துடைத்து உலர்த்திப் பூட்டுவதாலேயே சில பழுதுகள் நீங்கும்.

4. பின்னர் கணினி பதிந்துள்ள பழுதுக் குறியை வாசிப்பித்தல் வேண்டும். புதிய முறை வாகனங்களில் இது வாசிப்புக் கருவியாற் செய்யப்படும். பி 0715 உட்தண்டு வேக உணரியையும், பி 0720 வெளித்தண்டு வேக உணரியையும் குறிக்கும். 1990ஆம் ஆண்டுகளின் டொயோட்டா வாகனங்கள் பலவற்றில், சோதனை இணைப்பின் உரிய இரு முனைகளைத் தொடுத்தால் ஓவர்டிரைவ் விளக்கு மின்னிக் குறியைக் காட்டும். நான்கு முறை மின்னி, இடைவிட்டு, இரு முறை மின்னினால் அது 42 ஆகும். இது முதலாம் வேக உணரியின் குறி. இரண்டாம் வேக உணரியின் குறி 61. தவறான முனைகளைத் தொடுத்தால் கணினி கெடுமாதலால், இதனை அறிந்தவரே செய்தல் வேண்டும்.

5. குறி காட்டுவது மின்னோட்டத்தின் பாதையையேயன்றி, கெட்ட பாகத்தையன்று. எனவே, குறியை மட்டும் நம்பிப் புதிய உணரி வாங்குதல் கூடாது. சாவியை அணைத்து, இணைப்பைக் கழற்றி, இரு முனையுள்ள காந்தச் சுருள் உணரியின் தடையை மீற்றரால் அளத்தல் வேண்டும். தடை எல்லையற்றதாயின் சுருள் அறுந்துள்ளது. ஏறக்குறைய பூச்சியமாயின் சுருள் ஒட்டியுள்ளது. சரியான அளவு கைநூலிற் காணப்படும். குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் சூடேறியபின் ஒருமுறையும் அளந்தால் மறைந்திருக்கும் பழுதும் வெளிப்படும். மூன்று வயருள்ள உணரிகள் வேறு வகையாதலால் அவற்றை இம்முறையில் அளத்தலாகாது.

6. உணரி சரியாயின், அதிலிருந்து கணினி வரை செல்லும் வயரை அசைத்துக்கொண்டு தொடர்ச்சியைச் சோதித்தல் வேண்டும்.

7. உணரியைக் கழற்றும்போது அதன் காந்த நுனியை நோக்குக. மெல்லிய சாம்பல்நிறப் பசை படிந்திருத்தல் இயல்பு, துடைத்துவிடலாம். உலோகச் சிதறல்கள் ஒட்டியிருப்பின் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியமாகும்.

வாகனத்தின் கீழே வேலை செய்யும்போது சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வாகனத்தை நிறுத்துதல் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே நுழைதல் உயிருக்கு ஆபத்து.

வழியிற் பழுது நேர்ந்தால்

முழுச் சுமையுடன் மூன்றாம் கியரில் மலையேற முயலல் கூடாது. கியர் எண்ணெய் அளவு மீறிச் சூடேறி, சிறு பழுது பெரும் பழுதாகிவிடும். வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சிறிது ஆறவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். பழுது நீங்காவிடின், சுமையை வேறு வாகனத்துக்கு மாற்றி அனுப்புவதே நட்டத்தைக் குறைக்கும் வழியாகும்.

திருத்தியபின் பழுதுக் குறியை அழித்து, முதலிற் சுமையின்றி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அதே குறி மீண்டுந் தோன்றின் காரணம் இன்னும் நீங்கவில்லை என்பது தெளிவு.

சுருக்கமாக, எண்ணெய், பற்றரி, வயர், குறி, உணரி என்ற இவ்வொழுங்கில் ஆராய்ந்து, இறுதியிலேயே கியர்ப் பெட்டியைத் திறத்தல் வேண்டும். கராஜுக்குச் செல்லும் கமக்காரர், பெட்டியைக் கழற்ற இணங்குமுன், எந்தக் குறி பதிவாகியுள்ளது, உணரியின் தடை எவ்வளவு என்னும் இரு வினாக்களுக்கும் விடை கேட்டறிதல் நன்று.