கரையான் எப்போது எதிரியாச்சு?

ஜூஜுவாடி தொழிற்சாலைகளைத் தாண்டி ஓசூர் பக்கம் எந்த நாற்றுப்பண்ணைக்குப் போனாலும் தட்டுகளில் கோகோபீட் இருக்கும். அது தென்னை நார்க்கழிவு. ஆனா நிஜமான ‘பீட்’ வேற. வருஷம் முழுக்க தண்ணி நிற்கிற இடத்தில், காத்து புகாததால இலையும் வேரும் முழுசா மக்காம, ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்து கிடக்கிற கறுப்பு மண் அது.

நம்ம நீலகிரிப் புல்வெளிப் பள்ளங்களிலும் பீட் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து, சுமார் 20,000 வருஷத்துப் பருவநிலை மாற்றங்களை 1993-ல் வெளியிட்டாங்க. பீட் மேலேயே பெருங்காடு வளர்ந்து நிற்பதைப் பார்க்கணும்னா போர்னியோ, சுமத்ரா தீவுகளுக்குப் போகலாம்.

அந்தக் காட்டுப் பூச்சிகளின் கதை இயற்கை உழவருக்குப் பெரிய பாடம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855-ல் சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் தங்கி வண்டு சேகரித்தார். சுற்றிலும் சதுப்புக்காடு. சுரங்கத்துக்காக வெட்டிப்போட்ட மரங்களைத் தேடி வண்டுகள் வந்து குவிஞ்சது. பூச்சிக்கு ஒரு சென்ட் கூலி கொடுத்து ஆட்களையும் பிடிக்கச் சொன்னார். ஒரே நாளில் 76 வகை வண்டு கிடைச்சதாம். செத்த மரம் குப்பையில்லை, பூச்சிகளுக்கு அதுதான் சாப்பாடும் வீடும்.

அதே காட்டில் காப்டோடெர்மிஸ் கர்விக்னேதஸ் என்ற கரையான் உண்டு. உயிருள்ள மரத்தையும் தின்னக்கூடியது. நூற்றுக்கணக்கான மரவகை கலந்து நிற்கும் காட்டில் அது பலரில் ஒருத்தர். பிற்பாடு அந்தக் காடுகளை வெட்டி, வாய்க்கால் தோண்டித் தண்ணியை வடிச்சு, எண்ணெய்ப்பனை மட்டும் வரிசையா நட்டாங்க. பழைய அடிமரமும் வேரும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. கரையானுக்கு உள்ளே விருந்து, மேலே ஒரே வகைப் பயிர். இன்னைக்கு பீட் நிலத்து எண்ணெய்ப்பனைக்கு அது முக்கியமான எதிரி. பூச்சி மாறலை. அது இருந்த இடத்தை நாம மாத்திட்டோம்.

வடிச்ச பீட் காய்ஞ்சு தாழ்ந்துபோகும், தீயும் பிடிக்கும். இந்தோனேசியா 1990-களின் நடுவில் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் போடுறோம்னு வாய்க்கால் வெட்டியது. 1997 வறட்சியில் அந்தப் பகுதி பற்றி எரிஞ்சது. நெல் திட்டமும் கைவிடப்பட்டது.

சரி, எந்தக் கரையான் எவ்வளவு இருக்குன்னு ஆய்வாளர்கள் எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க? வெப்பமண்டலக் காடுகளில் ஒரு முறை இருக்கு. 100 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதை 20 துண்டாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு துண்டிலும் ரெண்டு பேர் அரைமணி நேரம் இலைச்சருகு, பட்டுப்போன கட்டை, மரத்தடி, மேல்மண் எல்லாம் தேடுவாங்க. அங்கங்கே கிடைச்சதைத் தனித்தனியா எடுத்துக் குறிப்பாங்க. எண்ணிக்கையோடு ‘எதைத் தின்னுட்டு இருந்தது’ என்பதும் பதிவாகும்.

இதை நம்ம தோட்டத்தில் சின்ன அளவில் செய்யலாமுங்க. முப்பது வருஷம் பேங்க் பேரேடு பார்த்த எனக்கு இது பிடிச்ச வேலை. பதிவு இல்லாம முடிவு எடுக்கக்கூடாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்பில் அடிமரத்தில் கரையான் மண் பூசியிருந்தா உடனே மருந்தைத் தேடாதீங்க. ஒரு சாக்குத்துணியால மண்ணைத் துடைச்சு, கீழே பாருங்க. காய்ந்த மேல்பட்டையை மட்டும் தின்னு, உள்பட்டை பச்சையா இருந்தா மரத்துக்குச் சேதமில்லை. துடைச்சு விட்டாப் போதும். உள்பட்டையும் போயிருந்தா அந்த மரத்துக்கு ஏற்கனவே ஏதோ குறை. ஈரமா, வேரா, பழைய காயமான்னு பாருங்க.

புது நாற்று, கரும்புக் கரணை விஷயத்தில் மட்டும் கவனம் வேணும். வறட்சியில் அவைதான் முதலில் அடிபடும். மக்காத சாணத்தைக் குழியில் போட்டாலும் கரையான் வரும். நல்லா மக்கிய எருவைப் போடுங்க. மூடாக்கை நாற்றின் தண்டில் ஒட்டாம ஒரு சாண் தள்ளிப் போடுங்க. கரையானுக்குச் சருகு கிடைக்கும், நாற்றும் தப்பும்.

மாசத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்க: தேதி, ஈரம், என்ன பூச்சி, எதைத் தின்னுது. ஒரு வருஷம் எழுதினாலே உங்க நிலத்தில் கரையான் எந்த மாசம், எந்த நிலைமையில் பயிருக்குப் பாயுதுன்னு தெரிஞ்சிடும். அதுக்கு அப்புறம் பூச்சிவிரட்டி வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்.