தலைநகரை ஒட்டி ஒரு காடு

ஒரு நாட்டின் தலைநகரை ஒட்டியே சிங்கம் வேட்டையாடுகிறது என்றால் நம்புவீர்களா? கென்யாவின் நைரோபி தேசியப் பூங்காவில் இது அன்றாடக் காட்சி.

1946-இல் தொடங்கப்பட்ட இது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 117 சதுர கிலோமீட்டர். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர்தான். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி முள்மரத்து இலையைப் பறிக்கும்போது, அதன் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும்.

அழிவின் விளிம்பில் உள்ள கறுப்புக் காண்டாமிருகத்துக்கு இது முக்கியப் புகலிடம். தந்த வணிகத்தை எதிர்த்து 1989-இல் அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் யானைத் தந்தங்களுக்குத் தீ வைத்ததும் இங்கேதான்.

பூங்காவுக்கு மூன்று பக்கம் வேலி. திறந்திருக்கும் தென்திசை வழியாகத்தான் வரிக்குதிரைகள் மேய்ச்சல் தேடிப் போய் வருகின்றன. குடியிருப்புகள் பெருகப் பெருக அந்தப் பாதை குறுகி வருகிறது.

அதிகாலையில் போனால் விலங்குகளை நன்றாகப் பார்க்கலாம். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எந்தக் காட்டுக்குப் போனாலும் ஹாரன் அடிக்காதீர்கள். விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.