இரத்தப் பரிசோதனையில் தெரியாத நஞ்சு

2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி எட்டு மாதங்களுக்கும் மேலாக ஓமான், அமீரகக் கரையோரங்களில் நீடித்த 'ரெட் டைட்' என்னும் பாசிப்பெருக்கம், மீன்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதுடன், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் சிலவற்றையும் நிறுத்தச் செய்தது. அதற்குக் காரணமான காக்லோடினியம் முதன்மையாக மீன்களையே பாதித்தது. ஆனால் வேறு சில பாசியினங்கள் உண்டாக்கும் சாக்ஸிடாக்ஸின் என்னும் நரம்பு நஞ்சு, நீரை வடிகட்டி உண்ணும் மட்டி, சிப்பி, கல்லுமக்காய் ஆகியவற்றின் தசையில் சேர்ந்து, அவற்றை உண்போரைத் தாக்குகிறது. 1981-இல் தமிழ்நாட்டில் இந்நஞ்சால் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூவர் இறந்தனர். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் எழுவர் உயிரிழந்தனர். சமைத்தாலும் உறையவைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. சுவையிலோ மணத்திலோ அது தெரிவதுமில்லை.

உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உதடும் நாக்கும் மரத்து, அம்மரப்பு முகத்திற்கும் விரல்நுனிகளுக்கும் பரவுகிறது. நஞ்சின் அளவு மிகுந்தால் பேச்சு குழறி, விழுங்க முடியாமல் போய், மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். உடல் தடித்து அரிக்கும் இறால் ஒவ்வாமையிலிருந்து இது வேறானது. அதற்குரிய ஊசி இந்நஞ்சை முறிக்காது.

இங்குதான் ஆபத்து மறைந்துள்ளது. இரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் பற்றிய வழக்கமான பரிசோதனைகள் பெரும்பாலும் இயல்பாகவே அமைவதால், "ஒன்றுமில்லை" என்று நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படக்கூடும். விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜனைச் சரியாகக் காட்டும்போதே, மூச்சு தளர்வதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறத் தொடங்கியிருக்கலாம். நஞ்சுமுறி மருந்து இல்லாத இந்நோயில் உயிர்காப்பது செயற்கைச் சுவாசம் ஒன்றே; தக்க நேரத்தில் அது கிடைத்து முதல் நாளைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறுகின்றனர். எனவே பரிசோதனைத் தாள் எவ்வாறிருப்பினும், மரப்பு ஏற்பட்டவரை மருத்துவக் கண்காணிப்பில் வைக்குமாறு கேட்பது முற்றிலும் நியாயமானதாகும்.

நஞ்சை உறுதிப்படுத்துபவை உண்டு மிஞ்சிய உணவும் நோயாளியின் சிறுநீருமே. ஒரு கிலோ மட்டித் தசையில் 800 மைக்ரோகிராம் என்பது பல நாடுகள் ஏற்ற உச்ச வரம்பு. அமீரகத்தின் 2015-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், தீங்கான உணவை விற்போருக்குச் சிறைத்தண்டனையும் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. துபாயில் மாநகராட்சியின் 800900 எண்ணிலும், அபுதாபியில் 800555 எண்ணிலும் முறையிடலாம். ஆயினும் மிஞ்சிய குழம்பு குப்பைக்குப் போய்விட்டால், புகாரை நிறுவுவது மிகக் கடினம்.

தொழிலாளர் முகாம்களிலும் பகிர்ந்து வாழும் அறைகளிலும் ஒரே சட்டியில் பலர் உண்பதால், ஒருவருக்கு உதடு மரத்தாலே உடனுண்ட அனைவரும் எச்சரிக்கையாக வேண்டும். மட்டி உண்டபின் இக்குறி தோன்றினால் காத்திராமல் அமீரகத்தின் ஆம்புலன்ஸ் எண்ணான 998-ஐ அழையுங்கள். மிஞ்சிய உணவையும் வாங்கிய ரசீதையும் மூடிய பையிலிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.