ஐடிலிங்கில் உதறும் பழைய பிக்கப்: பணம் செலவழிக்கும் முன் பழுதைக் கண்டுபிடியுங்கள்



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து அலுவலகம் திறந்த நேரத்தில் ஒரு சகோதரர் வந்தார். மீன் ஏற்றும் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர். "காக்கா, வண்டி ஐடிலிங்ல நிக்கவே மாட்டேங்குது. ஏறி ஏறி இறங்குது. பம்ப் போயிருச்சு, 22 ஆயிரம் ஆகும்னு சொல்றாங்க. வட்டியில்லாக் கடன் கிடைக்குமா?" என்று கேட்டார். அதற்கு முன்பே நான்கு நாசில்களும் மாற்றியாகிவிட்டது. அந்தச் செலவுக்கு வீட்டில் இருந்த வளையல் அடகுக்குப் போயிருந்தது. வண்டி மட்டும் சரியாகவில்லை.

மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, நம் அறக்கட்டளை வண்டிக்கு வேலை பார்க்கும் முதிய மேஸ்திரியை மறுநாள் அழைத்துப் போனேன். அரை மணி நேரத்தில் பழுது அகப்பட்டது. டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயில், கிளிப் இறுக்கும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. ஒரு குழாய்த் துண்டும் இரண்டு கிளிப்பும் மாற்றியதும் வண்டி சீராக நின்றது. அந்தச் செலவு ஒரு நாள் டீசல் காசுக்குக்கூட வராது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நம் ஊரில் பல குடும்பங்களின் அடுப்பு இப்படிப்பட்ட பழைய வண்டிகளை நம்பித்தான் எரிகிறது. எனவே அன்று மேஸ்திரி செய்து காட்டிய முறையை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். டாடா 207 டி.ஐ., மஹிந்திராவின் பழைய டி.ஐ. பிக்கப் போன்ற மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளுக்கே இது பொருந்தும். கம்ப்யூட்டர் உள்ள புதிய வண்டிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உதறலா, ஏற்ற இறக்கமா?

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டு, தாளம் தவறினாற்போல் விட்டு விட்டு உதறினால் அது 'மிஸ்ஸிங்'. பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். இன்ஜின் உதறாமல், சத்தம் மட்டும் 'ஊம்... ஊம்...' என்று மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கினால் அதை மெக்கானிக்குகள் 'ஹன்டிங்' என்பார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் டீசல் சீராக வராததுதான்.

ஏன் அப்படி? பழைய டீசல் வண்டியில் ஐடிலிங் வேகத்தைக் காப்பது பம்புக்குள் இருக்கும் கவர்னர். வேகம் குறைந்தால் அது டீசலைக் கூட்டும். வேகம் கூடினால் குறைக்கும். டீசலோடு காற்றுக் குமிழி வந்தால் இன்ஜின் சற்றுத் தளரும். கவர்னர் உடனே டீசலைக் கூட்டும். அதற்குள் குமிழி கடந்து போய்விடும், கூட்டிய டீசலால் வேகம் ஏறும். கவர்னர் திரும்பக் குறைக்கும். மறுபடி ஒரு குமிழி வரும். இப்படியே வண்டி ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பம்பே கெட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வண்டியிடம் கேட்க வேண்டியவை

ஸ்பானரை எடுக்கும் முன் இவற்றைக் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள்:

காலையில் மட்டும் வருகிறதா, சூடான பிறகும் இருக்கிறதா? இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சிறிது நேரம் ஏறி இறங்கிப் பிறகு சரியானால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

எதற்குப் பிறகு ஆரம்பித்தது? ஃபில்டர் மாற்றிய அன்றா, புதிய பங்க்கில் டீசல் போட்ட பிறகா, மழையில் ஓடிய பிறகா?

புகை என்ன நிறம்? கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

இன்ஜின் குலுங்குகிறதா, கேபின் மட்டும் குலுங்குகிறதா? சத்தம் சீராக இருந்து கேபின் மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ஆயிலில் ஊறிய ரப்பர் தளர்ந்து, பிளந்து போயிருக்கும். அதற்கு நாசில் மாற்றிப் பயனில்லை.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள்

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பூட்டிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

1. டேங்க் மூடி: மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். வண்டி தடுமாறும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வண்டி சீரானால் பழுது அங்கேதான்.

2. தண்ணீரும் துருவும்: ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு இரும்பு டேங்க் துருப்பிடிப்பது புதிதல்ல. அடியில் செந்நிறத் தூள் தெரிந்தால் ஃபில்டர் மட்டும் மாற்றினால் போதாது, டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும். இரவில் டேங்கைக் காலியாக நிறுத்தாமல் இருப்பதும் நல்லது. காலி இடத்துக் காற்றின் ஈரம்தான் தண்ணீராகிறது.

3. காற்றுக் கசிவு: டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் டீசலை உறிஞ்சும் குழாய். இதில் வெடிப்பு இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லாததால் எவர் கண்ணிலும் படாது. அந்தச் சகோதரர் வண்டியில் நடந்தது இதுதான். குழாயை மடக்கிப் பாருங்கள், கிளிப் இருக்கும் இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். பைப் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களைப் பழையதையே திரும்பப் போடக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையென்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாகக் கண்ணாடிபோல் தெரியும் டீசல் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். ஃபில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்துத் திருகை இறுக்குங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. பத்து நிமிடம் ஓடிய பிறகும் வந்துகொண்டே இருந்தால் கசிவு உண்டு.

4. கேன் சோதனை: எனக்கு மிகவும் பிடித்தது இது. கல்லூரியில் இயற்பியல் படித்தபோது ஆசிரியர் சொல்வார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து, புதிய குழாய் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். வண்டி சீராக நின்றால் டேங்கிலும் அதன் குழாயிலும்தான் பழுது. பம்பும் நாசிலும் குற்றமற்றவை. அப்போதும் ஏறி இறங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

5. ஏர் ஃபில்டரும் ஆக்சிலேட்டர் கேபிளும்: ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் கறுப்புப் புகை வரும். கேபிள் துருவேறிச் சிக்கினால் மிதியை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காது. இரண்டையும் கையாலேயே பார்த்துவிடலாம்.

எந்தச் சிலிண்டர்?

மிஸ்ஸிங் உள்ள வண்டிக்கு மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி இறுக்குவார். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றமே தெரியவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

உடனே புது நாசில் வாங்க வேண்டாம். அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் நாசில்தான் காரணம். அதை மட்டும் பம்ப் ஒர்க்ஷாப்பில் சோதனைக் கருவியில் வைத்து, பூத்தூறலாகப் பீய்ச்சுகிறதா, சொட்டுகிறதா என்று பார்க்கலாம். பழுது பழைய சிலிண்டரிலேயே தங்கினால் டேப்பெட் இடைவெளி, பிறகு கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பம்பைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்தச் சோதனையை வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டாம். கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். பழைய நாசில்களே சுமார் 200 பார் அளவில் திறப்பவை. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதிய காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டக்கூடியது. அவற்றில் எந்த மெக்கானிக்கும் நட்டைத் தளர்த்திப் பார்க்கக் கூடாது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 நாடு முழுக்க வந்த பிறகு வாங்கிய பிக்கப்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றை ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே முறை. அவற்றிலும் டீசல் ஃபில்டர், தண்ணீர், கரி அடைத்த ஈ.ஜி.ஆர். வால்வு இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

இன்னொரு எச்சரிக்கை. மிதிக்காமலே வேகம் ஏறிக்கொண்டே போய், இறங்காமல் இன்ஜின் அலறினால் அது ஐடிலிங் கோளாறு அல்ல, ஆபத்து. உடனே ஸ்டாப் கேபிளை இழுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் ஏர் ஃபில்டர் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம்; கையால் மூடவே கூடாது.

ஸ்லோ ஸ்பீடை ஏற்றிவிடுவது மருந்தல்ல

வண்டி உதறுகிறது என்று சொன்னதும் ஸ்லோ ஸ்பீடு திருகை அரைச் சுற்று ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. உதறல் மறையும், பழுது மறையாது. தண்ணீரோ துருவோ பம்புக்குள் போய்க்கொண்டேயிருக்கும். ஆறு மாதத்தில் சிறு பழுது உண்மையாகவே பம்ப் பழுதாகிவிடும். பம்பின் சீல் வைத்த திருகுகளை ரோட்டோரத்தில் தொடவே அனுமதிக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "நாசில் மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "காலையில் ஏறி இறங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஃபில்டர் மாற்றிய பிறகு ஆரம்பித்தது" என்று கண்டதைச் சொல்லுங்கள். எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தார் என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிப் பழுதுக்காகக் கடன் மனு கொடுக்க நினைக்கும் சகோதரர்கள், மனுவோடு வண்டியையும் கொண்டு வாருங்கள். முதலில் நம் மேஸ்திரி பார்க்கட்டும். பெரிய பழுதுதான் என்றால் கடனுக்கு உரிய ஏற்பாட்டைச் செய்வோம். குழாய்த் துண்டோடு முடிகிற வேலை என்றால், உங்கள் வீட்டு நகை வீட்டிலேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்