ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு

ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு என்பது தோல் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு பூஞ்சை எதிர்ப்பி, பாக்டீரியா எதிர்ப்பி ஆகியவற்றுள் ஒன்றையோ இரண்டையுமோ சேர்த்துச் செய்யப்படும் பூச்சு மருந்தாகும். இந்தியாவில் படர்தாமரை, சேற்றுப்புண், தொடை இடுக்கில் தோன்றும் அரிப்பு ஆகியவற்றுக்கு இது மிகப் பரவலாகப் பூசப்படுகின்றது. மருந்துச் சீட்டு இல்லாமல் கடைக்குச் சென்று அரிப்புக்கு ஏதேனும் தருமாறு கேட்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் இவ்வகைக் களிம்பே.

பூசிய ஓரிரு நாட்களில் அரிப்பு அடங்கிவிடும்; சிவப்பும் மங்கும். இது ஸ்டீராய்டின் வேலையாகும். பூஞ்சையை அழிக்கும் மருந்துக்கோ வாரக்கணக்கில் காலம் தேவை. இவ்விரு கால அளவுகளும் ஒத்துப்போகாமையே இக்களிம்பினால் விளையும் தீங்குகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அரிப்பு நின்றதும் நோயாளி பூசுவதை நிறுத்துகின்றார், பூஞ்சை மீண்டும் தலைதூக்குகின்றது, அதே களிம்பு மீண்டும் வாங்கப்படுகின்றது. இவ்வாறு மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், ஸ்டீராய்டு தோலின் மேல் சேர்ந்துகொண்டே போகின்றது.

உட்கூறுகள்

ஸ்டீராய்டுப் பகுதியாகக் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். பூஞ்சை எதிர்ப்பியாகக் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் சேர்க்கப்படும். பாக்டீரியா எதிர்ப்பியாக நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை சேர்க்கப்படுகின்றன.

குழாயின் மேல் அச்சிட்டுள்ள விழுக்காட்டைக் கொண்டு வீரியத்தை அளப்பது தவறு. கிளோபெட்டசால் பொதுவாக 0.05 விழுக்காடும், ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காடும் சேர்க்கப்படுகின்றன. எண்ணைப் பார்ப்பவர் முன்னதை மென்மையான மருந்து என்று எண்ணக்கூடும். உண்மையில் கிளோபெட்டசால் பூச்சு ஸ்டீராய்டுகளுள் மிகுந்த வீரியமுள்ள பிரிவைச் சேர்ந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் மிகக் குறைந்த வீரியமுள்ள பிரிவைச் சேர்ந்தது.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. கிளோபெட்டசால், குளோட்ரிமசோல் ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே மூன்றெழுத்துகளில் தொடங்கி ஏறத்தாழ ஒரே ஓசையில் முடிபவை. முன்னது ஸ்டீராய்டு, பின்னது பூஞ்சை எதிர்ப்பி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால் பூஞ்சைக்கு எதிராகப் பூச வேண்டியதற்கு மாறாக, அதற்குத் துணைபோகும் மருந்தைப் பூச நேரிடும். பெயரின் இறுதியில் 'சோன்' என்று வருபவை (பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஹைட்ரோகார்ட்டிசோன்) பெரும்பாலும் ஸ்டீராய்டுகள் என்று நினைவிற் கொள்ளலாம். வணிகப் பெயருக்குப் பின்னால் வரும் என், ஜி, எம், சி போன்ற ஆங்கில எழுத்துகள் சேர்க்கப்பட்ட பிற மருந்துகளைக் குறிப்பால் உணர்த்துவன. ஆயினும் ஒரே எழுத்து வெவ்வேறு நிறுவனத்தாரிடம் வெவ்வேறு மருந்தைக் குறிக்கக்கூடும். ஆகையால் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உட்கூற்றுப் பட்டியலைப் படிப்பதே நம்பத்தக்க வழி.

செயற்பாடு

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழ்கின்றன. அவை பரவுவதை உணர்ந்த உடல் தன் நோயெதிர்ப்பு உயிரணுக்களை அவ்விடத்துக்கு அனுப்புகின்றது. வட்டத்தின் விளிம்பில் காணப்படும் சிவப்பும் தடிப்பும் அரிப்பும் இந்த எதிர்ப்பின் வெளிப்பாடுகளே. விளிம்பு சிவந்தும் நடுப்பகுதி தெளிந்தும் இருப்பதனால்தான் இந்நோயைக் கண்ணால் பார்த்தே ஓரளவு இனங்காண முடிகின்றது.

ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நோயெதிர்ப்பு உயிரணுக்களின் வேலையை அடக்குகின்றது. சிவப்பு மறைகின்றது, ஆனால் பூஞ்சை தடையின்றி வளர்கின்றது. வட்டம் தன் வடிவை இழந்து, எல்லை தெரியாத பழுப்பு நிறத் திட்டாகப் பரவலாம். சிலரிடம் வட்டத்துக்குள் வட்டமாகத் தோன்றலாம். பூஞ்சை தோலின் ஆழத்துக்கும் முடிவேருக்கும் இறங்கிவிட்டால் பூச்சு மருந்து மட்டும் போதாது. இவ்வாறு உருமாறிய நோய்க்கு 'அடையாளம் மறைந்த படர்தாமரை' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரை 1968இல் ஐவ், மார்க்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் இட்டனர். ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சு மருந்தாகப் பயன்படும் என்பதைச் சல்ஸ்பெர்கர், விட்டன் ஆகியோர் 1952இல் வெளியிட்டுப் பதினாறு ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது.

களிம்பில்தான் பூஞ்சை எதிர்ப்பியும் இருக்கின்றதே என்று கேட்கலாம். வீரியம் மிகுந்த ஸ்டீராய்டோடு சேரும்போது அதன் பயன் குறைந்துபோகின்றது. தேவையான காலம் முழுவதும் பூசினால் ஸ்டீராய்டு தோலைக் கெடுக்கும். ஸ்டீராய்டுக்கு ஏற்றபடி சில நாட்களில் நிறுத்தினால் பூஞ்சை எஞ்சும். ஒரே குழாயில் இருப்பதால் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. மருந்துகளைச் சேர்ப்பதே தவறு என்பதும் சரியன்று. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்டு களிம்பு ஸ்டீராய்டு இல்லாத கூட்டு மருந்து; நெடுங்காலமாகப் படர்தாமரைக்குப் பயன்பட்டு வந்துள்ளது.

தோலின் இடமும் உறிஞ்சும் அளவும்

உடலின் எல்லா இடங்களிலும் தோல் ஒரே அளவில் மருந்தை உறிஞ்சுவதில்லை. ஃபெல்ட்மன், மெய்பாக் ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வில், முன்கையின் உட்புறம் உறிஞ்சும் ஹைட்ரோகார்ட்டிசோனின் அளவை 1 எனக் கொண்டால், உள்ளங்கால் 0.14, உள்ளங்கை 0.83, அக்குள் 3.6, நெற்றி 6, தாடை 13, விரைப்பை 42 என்ற அளவில் உறிஞ்சுவது கண்டறியப்பட்டது. விரைப்பையின் தோல் உள்ளங்காலைக் காட்டிலும் 300 மடங்கு உறிஞ்சுகின்றது என்பது இதன் பொருள். தொடை இடுக்கில் தோலும் தோலும் ஒட்டியிருப்பதனால் வியர்வையும் வெப்பமும் உறிஞ்சுதலை மேலும் கூட்டுகின்றன. படர்தாமரை அடிக்கடி வருவதும், இக்களிம்பு மிகுதியாகப் பூசப்படுவதும் இதே இடத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

பக்க விளைவுகள்

தொடர்ந்து பூசும்போது தோல் மெலிந்து தாள்போல் ஆகின்றது, சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, நிறம் வெளுக்கின்றது. தொடையின் உட்புறத்திலும் அக்குளிலும் பேறுகாலத் தழும்பு போன்ற வரித்தழும்புகள் தோன்றுகின்றன. இவற்றுள் சில, மருந்தை நிறுத்தியபின் ஓரளவு சீராகும். வரித்தழும்பு நிலையாகத் தங்கிவிடும்.

முகத்தில் பூசுவது தனிச் சிக்கலாகும். நிறத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை முகத்தில் நாள்தோறும் பூசுவோர் உளர். இவர்களுக்குப் பருக்களும், முகத்தில் முடிவளர்ச்சியும், வெயில் பட்டால் எரிச்சலும் ஏற்படுகின்றன. பூசுவதை நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரிவதால் மீண்டும் அதையே நாடுகின்றனர். இமைகளிலும் கண்ணைச் சுற்றியும் நெடுநாள் பூசினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும்.

குழந்தைகளின் உடற்பரப்பு அவர்கள் எடையோடு ஒப்பிடுகையில் பெரியது. ஆதலால் உறிஞ்சப்படும் மருந்து இரத்தத்தில் கலந்து அட்ரீனல் சுரப்பியின் இயல்பான சுரப்பைக் குறைக்கும் அபாயம் அவர்களுக்கு மிகுதி. முகம் உப்பி உடல் பருக்கும் குஷிங் கூட்டறிகுறியும், வளர்ச்சிக் குறைவும் ஏற்படலாம். அரையாடை கட்டும் இடத்தில் வரும் தோல் சிவப்புக்கு இக்களிம்பைப் பூசலாகாது. அரையாடை மருந்தை மூடிக் கட்டியதற்கு ஒப்பாகும். குளோட்ரிமசோலும் பீட்டாமெத்தசோனும் மட்டுமே கலந்த களிம்பைக்கூட 17 வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பே கூறுகின்றது.

பாக்டீரியா எதிர்ப்பியால் பூஞ்சை நோய்க்கு எந்தப் பயனும் இல்லை. நியோமைசின் சிலருக்குத் தொடு ஒவ்வாமையை உண்டாக்கும். அப்போது புண் ஆறாமல் கூடுவதைக் கண்டு, நோய் முற்றுவதாக எண்ணி மேலும் பூசுவதும் உண்டு. தேவையற்ற பயன்பாட்டினால் பாக்டீரியாக்கள் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறுவது வேறொரு கேடு.

பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

மருத்துவர் நோயை உறுதிசெய்து இத்தகைய களிம்பை எழுதித் தரும் வேளைகள் சில உள்ளன. கரப்பான் கண்ட தோலில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்துகொண்டால், அல்லது தோல் மடிப்பில் பூஞ்சையோடு கடும் அழற்சியும் இருந்தால், குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு கலந்த களிம்பு சில நாட்களுக்கு மட்டும் தரப்படலாம். அழற்சி தணிந்ததும் ஸ்டீராய்டு இல்லாத மருந்துக்கு மாற வேண்டும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. சீட்டில் நாட்கணக்கு இல்லாவிட்டால் குழாய் தீரும்வரை பூசுவதே வழக்கமாகிவிடுகின்றது.

அளவுக்கு 'விரல்நுனி அளவு' என்னும் எளிய முறை உண்டு. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கப்படும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள பரப்புக்கு இது போதுமானது. பூசுமுன் இடத்தைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். பூசியபின் கைகளைக் கழுவ வேண்டும். மருத்துவர் சொன்னாலன்றி மேலே துணியோ பிளாஸ்டிக் தாளோ சுற்றக் கூடாது.

அக்கி, சின்னம்மை, உதட்டு வைரசுக் கொப்புளம், பருக்கள் ஆகியவற்றின்மேல் பூசலாகாது. சிரங்குப் பூச்சியால் வரும் சொறியையும் இக்களிம்பு சில நாட்களுக்கு மறைத்துவைக்கும். அதற்குள் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரவிவிடும். முன்பு ஒருவருக்கு எழுதிக் கொடுத்த களிம்பை அதே போன்ற அரிப்பு என்று இன்னொருவர் எடுத்துப் பூசுவது நம் வீடுகளில் சாதாரணம். இரு அரிப்புகளும் ஒன்றே என்பதற்குப் பல வேளைகளில் எந்த ஆதாரமும் இராது.

சாதாரணப் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை எதிர்ப்பிக் களிம்பே முறையான மருந்து. அதனை வட்டத்தின் மேல் மட்டுமன்றி விளிம்புக்கு வெளியே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். கண்ணுக்கு நோய் மறைந்தபின்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பகிராமல் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைப்பதும், வீட்டில் நோயுள்ள அனைவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்துக்கொள்வதும் மருந்தின் அளவுக்கே முதன்மையானவை.

இந்தியாவில் சட்டமும் நடைமுறையும்

மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் விற்கவேண்டிய மருந்துகள் இந்திய மருந்து விதிகளின் எச் அட்டவணையில் இடம்பெறுகின்றன. ஸ்டீராய்டுகள் அதில் இருந்தபோதிலும், பூச்சு மருந்துகளுக்கு விதிவிலக்கு இருந்தது. தோல் மருத்துவர்களின் நீண்ட வேண்டுகோளுக்குப் பின்னர், 2018 மார்ச்சில் 14 பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது.

கூட்டு மருந்துகள் குறித்த சட்டப் போராட்டம் தனியே நடந்தது. நடுவணரசு 2016 மார்ச்சில் மருத்துவ நியாயம் அற்றவை என்று 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மறு ஆய்வு நடந்து, 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. இவற்றுள் பல ஸ்டீராய்டுக் கூட்டுக் களிம்புகளும் அடங்கும். எனினும் எல்லாக் கூட்டுக் களிம்புகளும் தடைசெய்யப்படவில்லை. சீட்டு கேட்காமல் விற்பதும் முற்றாக நிற்கவில்லை.

மருந்துக்கு அடங்காத படர்தாமரை

கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தியாவில் படர்தாமரை பரவலாகவும், எளிதில் தீராததாகவும் மாறியுள்ளது. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிடப்பட்டது. வழக்கமான மருந்தாகிய டெர்பினாபினுக்கு இப்பூஞ்சை பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. அம்மருந்து தாக்கும் நொதியை உருவாக்கும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணம். 2023இல் நியூயார்க்கிலும் இது கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டுக் கூட்டுக் களிம்புகளின் கட்டற்ற பயன்பாடு இப்பரவலுக்குத் துணைபுரிந்தது என்று மருத்துவ ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

நெடுநாள் பூசியவர்கள்

இக்களிம்பைப் பல வாரங்கள் பூசியவர் நிறுத்தும்போது, அடங்கியிருந்த சிவப்பும் அரிப்பும் சில நாட்களுக்குக் கடுமையாகக் கூடும். இதனைப் புதிய மருந்தின் ஒவ்வாமை என்று எண்ணிப் பழைய களிம்புக்குத் திரும்பக் கூடாது. உடலின் பெரும்பரப்பில் மாதக்கணக்கில் பூசியவர்களும், முகத்தில் பூசியவர்களும், குழந்தைகளும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையால் பூஞ்சையை உறுதிசெய்யலாம். ஸ்டீராய்டு பூசப்பட்ட தோலில் பூஞ்சை இழைகள் பெரும்பாலும் மிகுதியாகவே தெரியும். அண்மையில் பூஞ்சை எதிர்ப்பி பூசியிருந்தால் தெரியாமலும் போகலாம். ஆகவே அதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களை, காலியானவை உட்பட, மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுதல் வேண்டும்.