ஐந்நூறாவது வண்டிக்குப் பிறகு

"நல்லா விக்கிற வண்டியை எதுக்குண்ணே நிறுத்துறாங்க?"

மலைமேல் இருக்கும் கரியாலூரின் டீக்கடையில் இதைக் கேட்டவன் கள்ளக்குறிச்சிக்குப் போய் மெக்கானிக் படிப்பு படிக்கிற மலைப் பையன். அவன் கைபேசியில் நீல நிறப் புகாட்டி கார் ஒன்று சீறிக்கொண்டிருந்தது. ஷிரோன் என்று பெயர். 500 வண்டி செய்தார்கள், அதோடு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு இது விளங்கவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து மேலே ஏறிவரும் பிக்கப் வேன்களையும் ஜீப்புகளையும் பார்த்து வளர்ந்தவன். வாங்க ஆள் இருக்கும்வரை கம்பெனிக்காரன் செய்வான், ஆள் குறைந்தால் நிறுத்துவான். அவன் அறிந்த வியாபாரம் அதுதான். கேள்வியில் நியாயம் இருந்ததால் டீயை ஆறவிட்டு நிதானமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த வகை வண்டியில் விற்கப்படும் சரக்குகளில் முதல் சரக்கு அந்த எண்தான். 2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஷிரோனைக் காட்டியபோதே 500-க்கு மேல் செய்ய மாட்டோம் என்று புகாட்டி சொல்லிவிட்டது. விலை 24 லட்சம் யூரோ, அன்றைய கணக்கில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தை ஒருவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? வேகம் ஒரு காரணம்தான். தன்னுடையதைப்போல் உலகத்தில் இன்னும் 499 மட்டுமே இருக்கும் என்ற உறுதிமொழி அதைவிடப் பெரிய காரணம். ஐந்நூற்றொன்றாவது வண்டி வெளியே வந்தால், முன்னால் வாங்கிய ஐந்நூறு பேருக்கும் கொடுத்த வாக்குப் பொய்யாகிவிடும். அடுத்த முறை அந்தக் கம்பெனி சொல்லும் எண்ணை யார் நம்புவார்? இந்தக் கணக்கை இத்தாலியின் ஃபெராரி நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. சந்தை எத்தனை கேட்கிறதோ அதில் ஒன்றைக் குறைத்துச் செய்வது என்பது அவர்கள் கொள்கையாகவே பேசப்படுகிறது. 1995-இல் வந்த எஃப்50 சரியாக 349 வண்டிகள். 350 பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு ஒன்றைக் கழித்தார்கள்.

"சரிண்ணே, அப்ப எந்தத் தேதியில முடிஞ்சுதுன்னு சொல்றது?"

இதற்கு ஒரே தேதியைச் சொல்ல முடியாது, தம்பி. கடைசி வண்டிக்கு முன்பணம் வாங்கிய நாள் ஒன்று. கடைசி வண்டியைப் பூட்டி முடித்த நாள் இன்னொன்று. அந்த இயந்திரமே இனி எந்த வண்டிக்கும் இல்லை என்று ஆகிற நாள் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "நிறுத்திட்டாங்க" என்று ஒருவர் சொல்வதும், "இன்னும் செய்றாங்களே" என்று இன்னொருவர் சொல்வதும்.

ஷிரோனை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் வரும்போது 500 வண்டிக்கும் ஆள் குறித்தாகிவிட்டது. அதாவது கடைக்காரர் கணக்கில் ஷிரோன் அன்றைக்கே முடிந்தது. ஆனால் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற சின்ன ஊரில் இருக்கும் பட்டறையில் வேலை முடியவில்லை. அங்கே தொழிலாளர்கள் ஒவ்வொரு வண்டியையும் கையால் பூட்டுகிறார்கள். ஆண்டுக்கு எழுபது வண்டி அளவில் வெளியே வரும். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் ஆலையின் திறன் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எழுபது எவ்வளவு மெதுவான வேலை என்று புரியும். ஆகவே 2024 மே மாதம்தான் ஐந்நூறாவது ஷிரோனை வெளியே காட்டினார்கள். 'லுல்டீம்' என்று அதற்குத் தனிப் பெயர். எட்டு ஆண்டுக்கு முன் ஜெனீவாவில் நின்ற முதல் வண்டியின் நீல நிறங்களையே அதற்கும் பூசி, ஷிரோன் போய்வந்த ஊர்களின் பெயர்களை அதன்மேல் கையாலேயே எழுதினார்கள்.

அடுத்த மாதமே, 2024 ஜூன் 20-ஆம் தேதி, டூர்பியோன் என்ற புதிய வண்டியைத் திரை விலக்கிக் காட்டினார்கள். 250 வண்டி மட்டும். விலை 38 லட்சம் யூரோவில் தொடக்கம், வரி தனி. முதல் வண்டிகள் வாங்கியவர் கைக்குப் போக 2026 என்று சொன்னார்கள்.

பையன் உடனே பிடித்துக்கொண்டான். "2024-ல கடைசி வண்டி. 2026-லதான் புதுசு. நடுவுல ரெண்டு வருசம் அங்க இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. கார்பன் நார்த் துணியை அச்சில் படியவைக்கவும், தோலைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைக்கவும், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கருவியிலும் கையிலும் சேர்த்து உணரவும் பழகிய ஆட்களை இரண்டு ஆண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட முடியாது. வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், கை மறந்துவிடும். அதனால் முடிவையும் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்கிறார்கள்.

புகாட்டி அதைச் செய்த விதம் இது. ஷிரோனின் இயந்திரத்தை வைத்தே வேறு வண்டிகளைச் சிறு எண்ணிக்கையில் செய்தார்கள். டீவோ 40. சென்டோடியெச்சி 10. 'லா வுவாத்யூர் நுவார்' ஒன்றே ஒன்று. பந்தயத் தடத்துக்கு மட்டுமான போலீட் 40. கூரை இல்லாத மிஸ்ட்ரால் 99, ஒவ்வொன்றும் 50 லட்சம் யூரோ. 2022 ஆகஸ்டில் காட்டியபோதே அத்தனையும் விற்றுத் தீர்ந்திருந்தன. ஐந்நூறாவது ஷிரோன் வெளியேறிய பிறகும் மிஸ்ட்ராலும் போலீட்டும் மோல்சைம் பட்டறையில் வேலை கொடுத்துக்கொண்டிருந்தன. ஷிரோனுக்குச் சொன்ன 500 என்ற எண்ணும் கெடவில்லை. இதைத் தந்திரம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கியவருக்குச் சொன்ன சொல்லும் காப்பாற்றப்பட்டது, பட்டறையில் நிற்பவரின் மாதச் சம்பளமும் காப்பாற்றப்பட்டது. இரண்டையும் சேர்த்து யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. கிழங்கைப் பிடுங்கி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைக்கு ஏற்றும்போதே அடுத்த நடவுக்கான குச்சியைத் தனியாகக் கட்டி நிழலில் வைத்துவிடுகிறார்கள். பிடுங்கி முடித்துவிட்டுக் குச்சி தேடுபவருக்கு அந்தப் பட்டம் போய்விடும்.

டூர்பியோனுக்கு ஏன் இயந்திரத்தையே மாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷிரோனுக்கு முந்தியது வேரோன். 2005 முதல் 2015 வரை 450 வண்டிகள், அவற்றில் 300 மூடிய கூரை, 150 திறந்த கூரை. 1998-இல் புகாட்டி என்ற பெயரை ஃபோக்ஸ்வாகன் வாங்கியபோது அதன் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெக் கனவு கண்ட வண்டி அது. எட்டு லிட்டர், பதினாறு சிலிண்டர், நான்கு டர்போ. 1001 குதிரைத்திறனில் தொடங்கியது. அதையே 1200 ஆக்கினார்கள். ஷிரோனில் 1500, பிறகு 1600. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் தடத்தில் ஆண்டி வாலஸ் ஓட்டிய ஷிரோன் மணிக்கு 490 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த இயந்திரத்திலிருந்து கறக்க வேண்டியதை எல்லாம் கறந்தாகிவிட்டது. இருபது ஆண்டுக்கு முந்திய வடிவத்தில் இன்னும் நூறு குதிரைத்திறன் ஏற்றினால் அதைக் குளிர்விக்க இன்னும் ரேடியேட்டர், இன்னும் எடை என்று போய்க்கொண்டே இருக்கும்.

புகைச் சட்டம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் வண்டிக்குக் கீழே விற்கும் கம்பெனிகளுக்கு ஐரோப்பாவின் கரியமில வாயு வரம்பில் விலக்கு இருக்கிறது. எனவே அந்தச் சட்டம் புகாட்டியின் கழுத்தை நெரிக்கவில்லை. உரிமையாளர் மாறியதைப் பெரிய காரணமாக எண்ணுகிறேன். 2021 நவம்பரில் புகாட்டி ரிமாட்ஸ் என்ற கூட்டுக் கம்பெனி உருவானது. தலைமைக்கு வந்தவர் குரோவேஷியாவின் மாத்தே ரிமாட்ஸ். பந்தயத்தில் இயந்திரம் வெடித்துப்போன தன் பழைய பிஎம்டபிள்யூவை மின்சார வண்டியாக மாற்றிக்கொண்டு தொழிலுக்குள் வந்தவர். அவர் வந்ததும் புகாட்டி முழு மின்சார வண்டியாகிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் இங்கிலாந்தின் காஸ்வொர்த் கம்பெனியிடம் போய், டர்போவே இல்லாத 8.3 லிட்டர், பதினாறு சிலிண்டர் இயந்திரம் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதில் 1000 குதிரைத்திறன், மூன்று மின்மோட்டார்களில் 800, கூட்டினால் 1800. பெரிய கம்பெனிகள் சிலிண்டரைக் குறைத்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு மீட்டர் நீளக் கிராங்க் தண்டோடு புதிய இயந்திரம் செய்தது துணிச்சல்தான்.

"எண் ஒருதடவை சொன்னா மாறவே மாறாதா?" என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். மாறியிருக்கிறது, ஐயா. ஃபெராரி நிறுவனர் பெயரிலேயே வந்த என்ஸோ வண்டியை முதலில் 349 என்றார்கள், பிறகு 399 ஆக்கினார்கள். அதற்கும் மேலே ஒன்று, நானூறாவது, செய்தார்கள். அதைப் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். 2005-இல் அது ஏலம் விடப்பட்டது. கிடைத்த பத்து லட்சம் யூரோவை ஒட்டிய தொகை சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கடலூரும் நாகப்பட்டினமும் பிணங்களைப் புதைத்துவிட்டு நின்ற காலம் அது. வாங்கிய 399 பேரில் யாரும் அந்த நானூறாவதைக் குறை சொல்லியிருக்க முடியாது. 2016-லும் அதே வழியைப் பின்பற்றினார்கள். 499-ஓடு நிறுத்திய லாஃபெராரியில் ஐந்நூறாவது ஒன்றைச் செய்து, இத்தாலி நிலநடுக்க நிவாரணத்துக்காக 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள்.

இதைவிட விசித்திரம் லம்போர்கினிக்கு நடந்தது. அவென்டடோர் வண்டியின் கடைசிப் பதிப்பு அல்டிமே. மூடியது 350, திறந்தது 250 என்று அறிவித்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற சரக்குக் கப்பல் சுமார் நாலாயிரம் வண்டிகளோடு அட்லாண்டிக்கில் தீப்பிடித்து, மார்ச் 1-ஆம் தேதி அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. அதில் அல்டிமே வண்டிகளும் இருந்தன. பதினைந்து என்று அன்றைய செய்திகள் சொல்லின. முடியும் தறுவாயில் இருந்த உற்பத்தியை நீட்டித்து, மூழ்கியவற்றுக்கு ஈடாகத் திரும்பவும் செய்துகொடுத்தார்கள். எண் கூடவில்லை, கடலடியில் கிடப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை அல்லவா! 2022 செப்டம்பரில் கடைசி அவென்டடோர் வெளிவந்தது. 2023 மார்ச்சில் ரெவுவெல்டோ வந்தது.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2012 டெல்லி கண்காட்சியில் டிசி அவந்தி வந்தபோது நம் நாட்டின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று கொண்டாடினார்கள். ரெனோவின் இரண்டு லிட்டர் டர்போ இயந்திரத்தை நடுவில் வைத்திருந்தார்கள். 2018-இல் அதே கம்பெனி டிசிஏ என்ற அடுத்த வண்டியைக் கண்காட்சியில் வைத்தது. மேடையில் நின்ற அளவுக்கு அது சாலைக்கு வரவில்லை. வாரிசை அறிவிப்பது எளிது, பட்டறையில் அதற்கு இடமும் ஆளும் முதலும் தயாராக இருக்க வேண்டும்.

பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல முடிஞ்சா முடிஞ்சதுதானேண்ணே" என்றான். அவன் மறைமலை நகரைச் சொல்கிறான். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்து இளைஞர்களுக்கு அந்த ஆலைப் பட்டைதான் நம்பிக்கை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் மறைமலை நகர் ஆலையை விட்டு வெளியே வந்தது. ஆயிரக்கணக்கில் விற்ற வண்டி அது, அபூர்வம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பின்னால் அடுத்த வண்டி எதுவும் வரிசையில் நிற்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் இழப்பீட்டைப் பேசி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் ஆண்டுக்கணக்காக நின்ற கைகளும் தேர்ந்த கைகள்தாம். மோல்சைம் கைகளுக்குக் குறைந்தவை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

2024 செப்டம்பரில் அதே ஆலையைத் திரும்பப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது. முதலீடு 3,250 கோடி ரூபாய், ஆண்டுக்கு 2,35,000 இயந்திரங்கள், உற்பத்தி 2029-இல் தொடக்கம்.

"முழு வண்டி இல்லையா? எஞ்சின் மட்டுமா?" என்றான் பையன். இயந்திரம் மட்டும்தான், தம்பி. ஏற்றுமதிக்கு. கடைசி எக்கோஸ்போர்ட்டுக்கும் முதல் இயந்திரத்துக்கும் நடுவில் ஏழு ஆண்டு. அவன் விரல் விட்டு எண்ணினான். அவன் படிப்பு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அதுவரை ஒரகடத்தில் எந்தக் கம்பெனியில் இயந்திரப் பிரிவில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான். அதைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.